கேபிளின் இம்பீடன்ஸ்: அரைக்கால் அலையில் அளந்து, டிடிஆரில் சரிபார்ப்பது

கேபிள் உறையில் அச்சிட்டிருக்கும் 50 ஓம் என்பது அதன் இம்பீடன்ஸ், அதாவது கேபிளில் ஓடும் அலை சந்திக்கும் எதிர்ப்பு; அது மல்டிமீட்டரில் தெரியாது. நெட்வொர்க் அனலைசர் (பல அதிர்வெண்களில் சிக்னலை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கருவி) இருந்தால் இரண்டே அளவீடுகளில் தெரிந்துவிடும். எந்த அதிர்வெண்ணில் அளக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிட்ட முனை), லோட் (50 ஓம் சுமை) மூன்றையும் மாட்டிக் கருவியைத் திருத்தும் கேலிபரேஷனை, கேபிளை மாட்டப்போகும் இடத்திலேயே செய்யுங்கள். இடையில் அடாப்டர் வருமானால் அதன் நுனியில். பிறகு கேபிளின் மறுமுனையைத் திறந்து வைத்து, 1 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் விடுங்கள். மைனஸில் தொடங்கும் ரியாக்டன்ஸ் (இம்பீடன்ஸில் ஆற்றலை இழக்காமல் தேக்கித் திருப்பும் பகுதி) முதன்முதலில் பூஜ்ஜியத்தைத் தொடும் இடம் கால் அலை, அதாவது கேபிள் நீளம் அலைநீளத்தில் கால் பங்காகும் அதிர்வெண். 2 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் (வேகக் காரணி 0.66, அதாவது அலை ஒளிவேகத்தில் 0.66 பங்கு வேகத்தில் ஓடும்) இது சுமார் 25 மெகாஹெர்ட்ஸில் வரும்.

அங்கே அளக்காதீர்கள். திறந்த முனைக்கு ஓரிரு ஓம்களும், ஷார்ட் செய்த முனைக்கு ஆயிரக்கணக்கிலும் காட்டும். இரண்டிலுமே கருவியின் பிழை பெரிது. அதில் பாதிக்கு, சுமார் 12.4 மெகாஹெர்ட்ஸுக்கு வாருங்கள். இது அரைக்கால் அலை (அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு). இங்கே இரண்டு ரியாக்டன்ஸும் ஏறக்குறைய ஒரே எண்ணாக, எதிரெதிர்க் குறியுடன் நிற்கும். திறந்த நிலையில் மைனஸ் 51, ஷார்ட்டில் பிளஸ் 49 என்றால், 51-ஐ 49-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 50 ஓம். அதிர்வெண் கொஞ்சம் தவறினாலும் ஒன்று கூடும்போது மற்றது குறைவதால் விடை பிசகாது.

ஷார்ட்டை நீளமான கம்பியால் போடாதீர்கள். 1 செ.மீ. கம்பி சுமார் 10 நானோஹென்றி. இந்த அதிர்வெண்ணில் அதுவே 0.8 ஓம். பின்னல் உறையை முறுக்கி, நடுக்கம்பியோடு ஒட்டினாற்போல் சால்டர் செய்யுங்கள்.

இனி டிடிஆர், அதாவது எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து, கேபிளின் ஒவ்வொரு தூரத்திலும் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முறை. கருவியின் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் 'லோ பாஸ் ஸ்டெப்' தேர்ந்தெடுங்கள். அங்கேயே உள்ள 'பேண்ட்பாஸ்' பழுது இருக்கும் தூரத்தைக் காட்டும், இம்பீடன்ஸைச் சொல்லாது. 900 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளிகள் வைத்தால், இதே கேபிளில் சுமார் 11 செ.மீ. நுணுக்கமும் 11 மீட்டர் எல்லையும் கிடைக்கும். அதைவிட நீளமான கேபிளின் எதிரொலி தவறான இடத்தில் மடிந்து விழும்; புள்ளிகளைக் கூட்டுங்கள், அல்லது நுணுக்கத்தை விட்டுக்கொடுத்து ஸ்வீப்பைக் குறுக்குங்கள்.

திரையில் வரும் கோடு ஓமாக இல்லாமல் எதிரொளிப்பு எண்ணாக (அனுப்பியதில் எத்தனை பங்கு திரும்புகிறது என்று) வந்தால், (1 + எண்) ÷ (1 − எண்) × 50 என்று போடுங்கள், 0.2 வந்தால் 75 ஓம்.

கோடு தூரம் போகப்போக மெல்ல மேலேறும். கேபிள் மாறிவிட்டது என்று பதற வேண்டாம், கம்பியின் இழப்புதான் அப்படித் தெரிகிறது. கனெக்டரின் மேடு முடிந்தவுடன் வரும் சமதளத்தில் படியுங்கள். அந்த எண் அரைக்கால் அலை விடையிலிருந்து 2 ஓமுக்கு மேல் விலகினால், கேபிளைக் குறைசொல்லும் முன் கேலிபரேஷனை மறுபடி செய்யுங்கள்.