எரர் காயின் தேடுறவங்க அடிக்கடி பண்ற தப்புகள்

ஒரு காயின் கொஞ்சம் வித்தியாசமா இருந்தாலே "எரர் காயின் கிடைச்சிருக்கு, எவ்ளோ போகும்"னு கேட்டுடறாங்க, அதுதான் முதல் தப்பு. மின்ட்டுக்குள்ள, அதாவது காயின் அடிக்கிற அரசு ஆலைக்குள்ள நடந்த தப்புக்குத்தான் மதிப்பு, வெளிய வந்தப்புறம் யாரோ தேய்ச்சது, வளைச்சது, ரயில் தண்டவாளத்துல வச்சு நசுக்கினது எதுக்கும் கிடையாது. அதனால கையில எடுத்ததும் நீங்க கேக்க வேண்டியது இதுதான்: பிளாங்க் (டிசைன் அடிக்காத வெறும் வட்டத் தகடு) தயாரிக்கிறப்ப நடந்துச்சா, டையிலயே (டிசைன் பதிக்கிற அச்சு) இருந்துச்சா, இல்ல அடிக்கிறப்ப ஆச்சா? மூணுல எதுலயும் பொருந்தலன்னா அது பெரும்பாலும் வெறும் அடிபட்ட காயின்தான்.

டிசைனே தெரியாம எரர்னு சொல்றது ரொம்ப அதிகம். எந்த மின்ட்ல அடிச்சதுன்னு காட்டற குறிதான் மின்ட் மார்க்: வருஷத்துக்குக் கீழ ஸ்டார் இருந்தா ஹைதராபாத், டைமண்ட் இருந்தா மும்பை, சின்னப் புள்ளி நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா. "மின்ட் மார்க் விட்டுப்போன அபூர்வ காயின்"னு போட்டு விக்கறதுல நிறைய சாதாரண கொல்கத்தா காயின்தான். 1985 ஒரு ரூபாயில H, 1988 பைசா காயின்ல C பாத்தா பயப்படாதீங்க, அதெல்லாம் வெளிநாட்டு மின்ட்ல அடிச்சு வாங்கினது. 2005, 2006ல வந்த ரெண்டு ரூபாயோட கிராஸ் டிசைனும் எரர் இல்ல. ₹ குறி இல்லாத பத்து ரூபாயும் அப்படித்தான், அந்தக் குறி காயின்ல வந்ததே 2011லதான். அதுவரைக்கும் வந்த பத்து ரூபாய்ல 14 டிசைன் இருக்கு, எல்லாமே செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018லயே சொல்லிடுச்சு. அஞ்சு ரூபாய் காந்தத்துல ஒட்டுதேன்னு சிலர் சந்தோஷப்படுவாங்க, பழைய 9 கிராம் குப்ரோ நிக்கல் (செம்பு, நிக்கல் கலவை) காயின் ஒட்டாது, ஆனா 2007, 2008ல வந்த 6 கிராம் ஸ்டீல் காயின் ஒட்டத்தான் செய்யும்.

அடுத்து க்ளிப், அதாவது ஓரத்துல ஒரு துண்டு இல்லாத காயின், இதுலதான் அதிகம் ஏமாத்துறாங்க, ஏன்னா ஒரு அரம் இருந்தா யாரு வேணா ஓரத்தைக் கடிச்ச மாதிரி பண்ணிடலாம். நிஜ க்ளிப் எப்படி வருதுன்னா, தகட்டுல ஏற்கனவே ஓட்டை போட்ட இடத்து மேலயே மறுபடி பஞ்ச் இறங்கி, பிளாங்க் குறையா வெட்டுப்படுது. அப்புறம் அந்த பிளாங்க்கை ஓரம் தூக்குற மெஷின்ல உருட்டுறப்ப வெட்டுப்பட்ட இடத்துல அழுத்தம் விழாது, அதனால அதுக்கு நேர் எதிர் பக்கத்துலயும் சரியா அழுத்தம் விழாம விளிம்பு மெலிஞ்சு, மங்கலா இருக்கும். அதனால வெட்டைப் பாத்துட்டு நிறுத்தாதீங்க, எதிர்பக்கம் பாருங்க. எல்லா நிஜ க்ளிப்லயும் இது தெளிவா தெரியாது, ஆனா தெரிஞ்சா நல்ல சாட்சி. வெட்டுக்குப் பக்கத்து எழுத்து அதை நோக்கிக் கொஞ்சம் இழுபட்டிருக்கும், அரத்துல வெட்டினதுல எழுத்து சடார்னு அறுந்து நிக்கும்.

ப்ரோக்கேஜ்னா, அடிச்ச காயின் டையிலயே ஒட்டிக்கிட்டு, அடுத்த பிளாங்க்ல அதோட முகம் கண்ணாடில பாக்கற மாதிரி தலைகீழாவும் குழியாவும் பதியறது. போலி பண்றவங்க ரெண்டு காயினை வைஸ்ல (இறுக்கிப் பிடிக்கிற பட்டறைக் கருவி) வச்சு நெருக்குவாங்க. அதுல பழைய டிசைன் மேலயே குழி எழுத்து ஏறியிருக்கும், இன்னொரு பக்கமும் நசுங்கியிருக்கும். நிஜத்துல ஒரு பக்கம் வழக்கமான டிசைன் சுத்தமா, இன்னொரு பக்கம் முழுக்க குழி டிசைன் மட்டும்.

எழுத்து ரெண்டா தெரியுதுன்னு டபுள் டைன்னு சொல்லாதீங்க. அடிக்கிறப்ப டை லேசா நகர்ந்தா எழுத்து ஓரம் தட்டையா படி மாதிரி விழும், எழுத்தும் மெலியும், அதுக்குப் பெருசா விலை கிடையாது. டையிலயே ரெட்டையா இருந்தா எழுத்து தடிச்சு, முனைல பிளவு தெரியும். அமெரிக்காவோட 1955 ஒரு சென்ட் இதுக்குப் பேர் போனது, 10x லென்ஸ்ல அதோட படத்தையும் உங்க காயினையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

நம்ம காயினைப் புத்தகப் பக்கம் திருப்பற மாதிரி பக்கவாட்டுல திருப்பினா ரெண்டு பக்கமும் நேரா நிக்கணும். அமெரிக்க காயின் மேலிருந்து கீழா திருப்பினாத்தான் நேரா இருக்கும், அது தெரியாம அதையே ரொட்டேஷன் எரர்னு (ஒரு பக்க டிசைன் சுழன்டு நிக்கற தப்பு) வாங்கிடறாங்க.

தலை ரெண்டு பக்கமும் இருந்தா ரெண்டு காயினை லேத்துல கடைஞ்சு ஒட்டினதுதான் பெரும்பாலும், விளிம்புக்கு உள்பக்கம் இணைப்புக் கோடு தேடுங்க.

தயவுசெஞ்சு புளி, சோப்பு, பிரஷ்னு எதையும் போட்டுத் தேய்க்காதீங்க, நிஜ எரரா இருந்தாலும் விலை குறைஞ்சிடும், ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கி, 0.01 கிராம் காட்டற தராசுல எடை போட்டு எழுதி வைங்க. விக்கறதுக்குன்னு யாராவது முன்கூட்டி கமிஷனோ வரியோ கேட்டா நிறுத்திடுங்க, ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி அப்படி வசூலிக்கிறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல அவங்களே எச்சரிக்கை விட்டாங்க, பழைய காயின் வாங்கறதோ விக்கறதோ அவங்க வேலையே இல்ல.