வேலூர்ல ஃபுட்பால் ஆடுறவங்க கோச் ஆவது எப்படி? பெர்குசன் போன வழியைப் பாருங்க

நேதாஜி ஸ்டேடியத்திலோ கோட்டை மைதானத்திலோ வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருக்கிறீர்கள், வயது முப்பதை நெருங்குகிறது, இனி பெரிய டீமில் இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் பந்தை விடவும் மனசு வரவில்லை என்றால் கோச் ஆவதைப் பற்றி இப்போதே யோசியுங்கள். ஆட்டத்தை நிறுத்துகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அலெக்ஸ் பெர்குசன் 1986 முதல் 2013 வரை இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் மேனேஜராக இருந்து 13 லீக் பட்டம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். நமக்குப் பாடம் அதற்கு முன்னால் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் கோவன் பகுதிக்காரர். டூல்மேக்கர் வேலை பழகிக்கொண்டே குயின்ஸ் பார்க் கிளப்பில் சம்பளமில்லாமல் ஆடினார். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷிப்ட் முடித்துவிட்டு கிரவுண்டுக்கு ஓடி வருகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும். 1967இல் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை 65,000 பவுண்டுக்கு வாங்கியது, அங்கே நிலைக்கவில்லை, அப்புறம் ஃபால்கிர்க்கில் ஆடிக்கொண்டே கோச் வேலையும் பார்த்தார்.

நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் டீமில் சின்னப் பசங்களை என்னிடம் விடுங்கள் என்று கேளுங்கள். ஒரு சீசன் அவர்களோடு இருந்த பிறகு இந்தியக் கால்பந்து சம்மேளனம் கோச்சுகளுக்குத் தரும் டி லைசென்ஸ் கோர்ஸுக்குப் போங்கள், பயிற்சி எப்போது நடக்கிறது என்று மாவட்டச் சங்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள். அதற்கு மேலே ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாகப் போகும். ஸ்கூலில் பி.டி. மாஸ்டர் வேலைதான் குறி என்றால் லைசென்ஸ் மட்டும் போதாது, உடற்கல்விப் படிப்பும் வேண்டும்.

சரி, டீம்? பெர்குசனுக்கு முதலில் கிடைத்தது ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர். 1974, அவருக்கு 32 வயது, பகுதி நேர வேலை, வாரம் 40 பவுண்டு, டீமில் ஒரு கோல்கீப்பர்கூட இல்லை. அப்படி ஒரு டீம் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ கட்டாயம் இருக்கும், கூச்சப்படாமல் போய்ச் சேருங்கள். அடுத்துப் போன செயின்ட் மிர்ரனில் இளம் பையன்களை நம்பி இறக்கி 1977இல் இரண்டாம் நிலை லீக்கை ஜெயித்தார், மறு வருடமே அந்த கிளப் அவரை வேலையை விட்டுத் தூக்கியது. அதற்கு அப்புறம் போன அபெர்டீன்தான் 1983இல் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று தோற்கடித்து ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையை வாங்கியது.

என்னைக் கேட்டால் அவரிடம் கற்க வேண்டியதில் முக்கியமானது பார்க்கும் பழக்கம். அபெர்டீனில் துணையாக இருந்த ஆர்ச்சி நாக்ஸ், பயிற்சியை எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே நின்று கவனியுங்கள் என்று சொன்னார், பெர்குசன் கேட்டுக்கொண்டார். விசில் ஊதிக்கொண்டே இருந்தால் பந்து மட்டும்தான் கண்ணில் படும். வாரத்தில் ஒரு நாள் சீனியர் பையனிடம் விசிலைக் கொடுத்துவிட்டு வேப்பமர நிழலில் நில்லுங்கள். ஒரே ஒருவனைப் பத்து நிமிடம் பாருங்கள். பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்கிறான், பாஸ் தவறினால் தலை தொங்குகிறதா, இன்றைக்கு ஏன் வழக்கத்தைவிட மெதுவாக ஓடுகிறான், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தானா? நோட்டில் எழுதிவைத்து, பயிற்சி முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் நம்ம ஊர் வெயிலுக்குக் காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், நடுவில் தண்ணீர் குடிக்க விடுங்கள். வருமானத்துக்கு இருக்கிற வேலையை உடனே விட்டுவிடாதீர்கள், செயின்ட் மிர்ரனில் மேனேஜராக இருந்த காலத்தில் பெர்குசனும் பப் நடத்திக்கொண்டுதான் இருந்தார்.