பழைய கார் காட்சிக்குப் போகிறீர்களா? தொடாமல் பார்ப்பது எப்படி, எப்போது தொடலாம்

மட்டக்களப்பு வாவிக்கரையில், காந்தி பூங்காப் பக்கமாக, பத்துப் பன்னிரண்டு பழைய கார்கள் வந்து நின்றால் என்ன நடக்கும்? சனம் வரும். பொனட்டில் சாய்ந்து செல்ஃபி எடுக்கும். "எவ்வளவு போகும் அண்ணே?" என்று விலை கேட்கும். கால் மணித்தியாலத்தில் ஐஸ்கிறீம் வானைச் சுற்றி நிற்கும். முதல் தடவை நானும் இதையேதான் செய்தேன். இப்போது அரை நாள் நின்றாலும் போதவில்லை. புதிதாகப் போகிறவர்களுக்காக, நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

1. கார்கள் வருவதற்கு முன்பே நீங்கள் போய்விடுங்கள்

ஒன்பது மணிக்கென்றால் ஏழரைக்கே போங்கள். வரிசையில் நிற்கிற கார் பாதிக் கார்தான். அது உள்ளே வருவதையும், இடம் மாற்றி நிறுத்துவதற்காக மறுபடி ஸ்டார்ட் செய்யப்படுவதையும் பார்க்கவேண்டும்.

வாசலில் காதைக் கொடுத்து நில்லுங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர்ப் பற்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைப் போட்டால் 'கர்ர்' என்று பல் கடிக்கும். கைதேர்ந்தவர் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவார், கிளச்சை விட்டு ஒரு உறுமல் கொடுப்பார், மறுபடி மிதித்துக் கியரைப் போடுவார். சத்தமே வராது. காத்தான்குடிக் காக்கா (அண்ணன்) ஒருவர் இதைச் செய்துகாட்டிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுக்கு மூணு கை வேணும். அல்லா நமக்கு ரெண்டுதான் தந்திருக்கான்."

2. ஸ்டார்ட் செய்வதை அருகே நின்று கேளுங்கள்

மொறிஸ் மைனர் என்ற சின்னப் பிரித்தானியக் கார் என்றால் இன்னும் நல்லது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடாது. 'டிக்டிக்டிக்' என்று ஏதோ அடித்துக்கொள்ளும். அது மின்சார பெற்றோல் பம்ப். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர் நிறைய நிறைய வேகம் குறைந்து, டிக்... டிக்... என்று ஓய்ந்துவிடும். ஓயாமல் அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. உரிமையாளரின் முகத்தைப் பார்த்தாலே எது என்று தெரியும். பம்ப் ஓய்ந்தபிறகுதான், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக்கொடுக்கும் சோக் குமிழை இழுப்பார். பழைய மொடலில் ஸ்டார்ட்டரும் இழுக்கிற குமிழ்தான்.

3. இனி முகத்தைப் பாருங்கள், தொடவேண்டாம்

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948இல் அது வெளிவருவதற்குச் சற்று முன், மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று தோன்ற, அதை நடுவால் இரண்டாக வெட்டி 4 அங்குலம் விலக்கிப் பார்த்தார். அதுவே அவருக்குப் பிடித்துப்போனது. பொனட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஓடுவதைக் காண்பீர்கள். அந்த 4 அங்குலம் அதுதான்.

வயது கண்டுபிடிக்க ஒரு சுருக்குவழி: முன்கண்ணாடி இரண்டு துண்டாக, நடுவே கம்பியோடு இருந்தால் 1956க்கு முந்திய மொடல். கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை மேலெழும்பித் திரும்பும் பக்கத்தைக் காட்டினால் 1961 வரைக்குள் வந்தது. அதைப் போட்டுக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். மறுக்கிற உரிமையாளரை நான் இன்னும் காணவில்லை. சிலவேளை கை பாதியில் சிக்கி நிற்கும், அவர் உள்ளேயிருந்து தூணில் ஒரு குத்து விடுவார். ஹெட்லைட்டை இறக்குகிற சுவிட்ச் காலடியில் இருக்கும், அதையும் பாருங்கள்.

இலக்கத் தகட்டையும் விடாதீர்கள். ஈ.எல்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் பழையவை. 1957இல் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அதற்கு எதிராகத் தமிழ் 'ஸ்ரீ' எழுதிப் போராடிய கதையை வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.

4. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நின்றால் குனிந்து பாருங்கள்

எஞ்சின் பின்னால், றேடியேட்டர் இல்லை, காற்றுத்தான் குளிர்விக்கும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது: 1960களின் பல பீட்டில்களில் கண்ணாடி கழுவுகிற தண்ணீரைப் பீச்சியடிப்பது ஸ்பெயார் டயரிலுள்ள காற்று! இன்னும் பழையதென்றால் பெற்றோல் காட்டும் மானியே இருக்காது. எஞ்சின் திக்கினால் காலருகே ஒரு பிடியைத் திருப்பி, ஒதுக்கி வைத்த பெற்றோலில் வீடு போய்ச் சேரவேண்டும்.

5. நல்ல கேள்வி கேளுங்கள்

விலையும் வேண்டாம், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதும் வேண்டாம். "எந்தச் சாமானுக்காக ஆகக்கூட அலைஞ்சீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் ஒரு மணித்தியாலம் போய்விடும். 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் நம்மவர்கள் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 1990களில் மொறிஸ் மைனர் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் உண்டு.

பொனட்டுக்குள் ஜப்பான் எஞ்சின் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அசல் எஞ்சினைத் தேடியிருந்தால் அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு கிடந்தாலும் சிரிக்கவேண்டாம். அந்தக் காலத்து மொறிஸ், ஒஸ்டின் எஞ்சின்களின் பின்பக்கத்தில் றப்பர் சீல் இல்லை. எண்ணெயைத் திருப்பியனுப்ப, சுழலும் தண்டில் திருகுபோல வெட்டிய ஒரு பள்ளம்தான்.

நம்மூர்க் கார் என்றால் துருவைப் பற்றியும் கேட்கலாம். கல்லடிப் பக்கம் கடற்காற்றில் கார் வைத்திருப்பவருக்கு அது தனிக் கதை.

6. பதினொரு மணிக்குப் பிறகு போய்விடாதீர்கள்

வெயில் ஏறியதும் வேடிக்கை தொடங்கும். ஓடிவந்து நிறுத்திய காரில் எஞ்சின் சூடு முழுவதும் மேலே ஏறும். குழாயிலேயே பெற்றோல் ஆவியாகிவிடும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. யாராவது நனைத்த துணியை பம்பின் மேல் சுற்றுவார். பொறுமையுள்ளவர் பொனட்டைத் திறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்.

பெட்டரி இறங்கிப்போனால், உங்கள் காரிலிருந்து வயர் கொடுக்கிறேன் என்று ஓடாதீர்கள். அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பெட்டரியின் பிளஸ் முனைதான் பொடியோடு (காரின் உடலோடு) இணைந்திருக்கும். நான் ஒருமுறை வழக்கம்போல மைனஸ் வயரைப் பொடியில் வைத்தேன். பறந்த பொறியைப் பார்த்து உரிமையாளர் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது.

கடைசியில் ஒரு பெரியவர் உங்களைக் கூப்பிடுவார்: "மனே, ஒரு கை தள்ளிவிடுங்க." இப்போது தொடலாம். லைட்டிலோ டிக்கி மூடியின் நடுவிலோ கை வைக்காமல், ஓரத்துத் தூணில் உள்ளங்கையைப் பதித்துத் தள்ளுங்கள். அவர் இரண்டாம் கியரில் வைத்து, நல்ல வேகம் வந்ததும் கிளச்சை விடுவார். கார் ஒருதரம் குலுங்கி, இருமி, பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் சைலன்சருக்கு நேரே நிற்காதீர்கள். என் வெள்ளைச் சேர்ட் ஒன்று அப்படித்தான் போனது.