ஈறு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: யாங்கோன் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஈற்றில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று பல் மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, வலிக்குமா என்பதுதான். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு அந்த ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அழுத்துவதும் இழுப்பதும் தெரியுமே தவிர வலி பெரும்பாலும் தெரிவதில்லை. நாம் கவலைப்பட வேண்டியது நாற்காலியில் படுத்திருக்கும் நேரத்தைப் பற்றியன்று. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களையும் பிந்தைய இரண்டு வாரங்களையும் பற்றித்தான். முதலில் என் தாயாருக்கும், சில ஆண்டுகள் கழித்து எனக்கும் யாங்கோனில் இந்தச் சிகிச்சை நடந்தது. நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அறுவை எதற்காக என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே இயல்பாகவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் உண்டு. பல்லில் கல்போல் இறுகும் அழுக்கான காரை படிந்து, ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரையத் தொடங்கினால் அந்தப் பள்ளம் 5, 6, 7 என்று ஆழமாகும். அவ்வளவு ஆழத்துக்குப் பல் துலக்கி எட்டாது. ஆகவே முதலில் காரையை நீக்கி வேர்வரை சுத்தம் செய்துவிட்டு, நான்கு முதல் எட்டு வாரங்கள் கழித்து மறுபடியும் அளந்து பார்ப்பார்கள். அப்போதும் பள்ளம் ஆழமாக இருந்து, தொட்டால் இரத்தம் கசிந்தால், ஈற்றை மடல்போல் விலக்கி வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தைப்பார்கள். எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரை எடுக்காமலே முதல் நாளிலேயே அறுவை என்றால் ஏன் என்று தயங்காமல் கேட்கலாம்.

நாள் குறிப்பதற்கு முன்

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயரை வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட அது எளிது. இரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும் என்பதால், அதை மாற்ற முடியுமா என்று இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஆஸ்பிரின், வார்பரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை, இரத்தம் நிற்காதே என்ற பயத்தில் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஈற்றில் வரும் கசிவை அழுத்தி நிறுத்திவிடலாம், இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் அப்படி நிறுத்த முடியாது. செயற்கை இதய வால்வு உள்ளவர்கள், எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர்கள், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோர் இவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையின் முடிவைக் கொண்டுபோக வேண்டும். அது மிகவும் உயர்ந்திருந்தால் காயம் ஆறுவது தாமதமாகும் என்பதால் மருத்துவர் நாளைத் தள்ளிவைப்பார். அதை அலைக்கழிப்பு என்று எண்ண வேண்டாம். என் தாயார் செய்த தவறு வேறு. அறுவை என்றாலே வெறும் வயிறு என்று நினைத்து, வழக்கமான சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, காலையில் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் போய் உட்கார்ந்தார். ஊசி போடும் முன்பே முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்தோம். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்யும் ஈறு அறுவைக்கு, வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நாளைப் பொறுத்தவரை, ஏப்ரல் நடுவில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கும் நாள் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வரும். விடுமுறையில் ஊரே அடைத்துக்கிடக்கும்போது அந்த நாள் வந்தால் அலைச்சல். தீமிதி, காவடி என்று நேர்த்திக்கடன் இருப்பவர்கள் விரத நாள்களையும் அலகு குத்துவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தையல் போட்ட வாயில் அலகு என்பது பேச்சுக்கே இடமில்லை.

வெற்றிலை

இனி எல்லாரும் மழுப்பும் விஷயத்துக்கு வருகிறேன். தெருமுனைக் கடையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்துத் தரும் குன்யாவை நாளுக்குப் பத்து, பதினைந்து போடுபவர்கள் நம்மிடையே குறைவில்லை. மருத்துவர் கேட்டால் “எப்போதாவது” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் கடையைத் தேடுவார்கள். புகையிலையில் உள்ள நிகோடின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், ஆற வேண்டிய ஈற்றுக்குப் போதிய இரத்தம் போவதில்லை. சுண்ணாம்பு பச்சைக் காயத்தை அரிக்கும். பாக்குத் தூள் தையலுக்குள் போய் அடைந்துகொள்ளும். காறித் துப்பும் ஒவ்வொரு முறையும் உறைந்த இரத்தக்கட்டி இளகும். சிகரெட்டும் அப்படியே. குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, பின்னும் தொடாமல் இருந்தால்தான் செலவழித்த பணத்துக்குப் பலன் கிடைக்கும்.

புகையிலை இல்லாத வெற்றிலை போடலாமா என்று என் சித்தப்பா கேட்டார். போடக் கூடாது, பாக்கே போதும் கெடுக்க. நெடுங்காலம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் முழுதாகத் திறக்காமல் போவதுண்டு. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஈற்று நோயைவிடப் பெரிய விஷயமாகவும் இருக்கலாம்.

முதல் மூன்று நாள்கள்

பெரும்பாலும் பின்கவனிப்புச் சீட்டைப் பர்மிய மொழியில்தான் தருவார்கள். ஊசி போடுவதற்கு முன்பே அதை வாங்கிப் படித்து, சந்தேகங்களைக் கேட்டுவிடுங்கள். பிறகு உதடு மரத்து, எந்த மொழியிலும் பேச வராது. துணைக்கு ஒருவர் வருவதும், திரும்பும்போது குலுங்கும் பேருந்தைத் தவிர்ப்பதும் நல்லது.

மரப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் விடும். அது விடும் முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். வலி ஏறிய பிறகு போட்டால் அடங்க நேரமாகும். நான் “வலியே இல்லையே” என்று வீரம் பேசி அன்றிரவு பதினொரு மணிவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் ஐபுபுரோபனைக் கேட்காமல் போடக் கூடாது. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை எழுதித் தந்திருந்தால் மதுவைத் தொடாதீர்கள்.

வீக்கத்துக்கு முதல் நாளில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் பதினைந்து நிமிடம் வைத்து, பதினைந்து நிமிடம் எடுத்துவிட வேண்டும். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் குளிர்பெட்டியை நம்பாதீர்கள்; காலையிலேயே பனிக்கட்டி வாங்கி, வாய் அகன்ற தெர்மாஸில் போட்டு வைத்தால் இரவுவரை தாங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் கூடுவது இயல்பு. தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் படுங்கள்.

எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலப்பது ஒரு நாள்வரை இருக்கும். துப்பாமல் விழுங்கிவிடுங்கள். கூடுதலாக வந்தால் நனைத்த சுத்தமான பஞ்சுத் துணியை, அது இல்லையென்றால் ஆறவைத்த தேநீர்ப் பையை, இருபது நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். உதட்டை இழுத்துக் கண்ணாடியில் தையலைப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டியிருந்தால் அந்த ஒரு இழுப்பே ஒட்டைப் பெயர்த்துவிடும். பெரியவர்கள் சொல்லும் கிராம்பு எண்ணெய், மஞ்சள், படிகாரம் எதையும் காயத்தில் தடவ வேண்டாம். முதல் நாள் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பாக வாயில் நிறுத்தி, வேகமாக அலசாமல் வழியவிடுங்கள்.

உணவு

மரப்பு விட்ட பிறகே சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வோம். ஆறிய கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு, தயிர், இட்லி, முட்டை, மசித்த வாழைப்பழம் என்று மறுபக்கத்தால் மெல்லலாம். மொஹிங்கா மீது ஆசை இருந்தால் வறுத்ததைத் தூவாமல், மிளகாய் சேர்க்காமல், நன்றாக ஆறவைத்துக் குழம்பில் ஊறிய சேமியாவை மட்டும் சாப்பிடலாம். வறுத்த பயறும் எள்ளும் கலந்த தேயிலைக் கலவையான லபெத்தோ, வறுத்த இறால் பொடியான பாலாச்சாங், அத்தோ நூடுல்ஸ் மீது நொறுக்கும் தட்டை ஆகியவை தையல் பிரியும்வரை கிட்டே வரக் கூடாது. ஓர் எள் போதும், மடலுக்கடியில் புகுந்து இரண்டு நாள் உயிரை எடுக்கும். உறிஞ்சுகுழல் வேண்டாம்.

இளஞ்சிவப்பு மாவுபோல் ஒரு கட்டு போட்டிருந்தால், அது சில நாள்களில் துண்டு துண்டாக உதிரும். என் தாயார் கஞ்சிக் கரண்டியில் ஒரு துண்டைப் பார்த்துவிட்டுப் பல்லே விழுந்துவிட்டது என்று அலறினார். வலி இல்லையென்றால் உதிர்ந்தது போகட்டும். காயத்தின் மேல் வெண்மையாகப் படர்வதும் சீழன்று, ஆறும் காயத்தின் மேல்தோல், சுரண்டாதீர்கள்.

அறுத்த இடத்தைத் துலக்காமல் மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். தையல் இருக்கும்வரை குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லியைக் காலையும் இரவும் ஒரு நிமிடம் வாயில் வைத்திருக்க வேண்டும். பற்பசைக்கும் இதற்கும் அரை மணி இடைவெளி தேவை. இந்தக் கரைசலைப் பயன்படுத்தும்போது பால் தேநீர் மிகுதியாகக் குடிப்பவர்களுக்குப் பல் பழுப்பேறும். அடுத்த சுத்தத்தில் அது போய்விடும்.

இருபது நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம், மூன்றாம் நாளுக்குப் பின்னும் ஏறும் வீக்கம், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், உடம்பில் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக மருத்துவமனைக்குத்தான்.

வீக்கம் வற்றியதும் ஈறு சற்றுக் கீழிறங்கி, பல் நீண்டதுபோலவும் இடைவெளி விழுந்ததுபோலவும் தெரியும்; குளிர்ந்த நீர் பட்டால் சில வாரங்கள் கூசும். இது முன்பே தெரியாததால், சிகிச்சை கெட்டுப்போயிற்று என்று நான் ஒரு வாரம் மருகினேன். கூச்சத்துக்குரிய பற்பசையும், இடைவெளிக்கேற்ற அளவில் சிறு தூரிகையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யப் போகும்போது பள்ளங்களை மறுபடியும் அளக்கச் சொல்லி, பழைய தாளிலேயே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என் தாயாரின் தாளில் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு எதிரே 7 என்றிருந்தது, இப்போது 4.