சாக்லேட் பால்: எது நல்லது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் எந்தக் கடை ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் விதவிதமான சாக்லேட் பால் நிற்கும். எது நல்லது என்று பார்க்க வேண்டுமானால், ஜில்லென்று குடித்த கையோடு முடிவு செய்யாதீர்கள். குளிர்ச்சி இனிப்பை அடக்கிவிடும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சின்ன டம்ளரில் ஊற்றி, கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். அப்போதுதான் சர்க்கரை மட்டும் தூக்கலாக இருக்கிறதா, கோகோவின் லேசான கசப்பும் நாக்கில் தெரிகிறதா என்று புரியும். அந்தக் கசப்பு இல்லாததை நான் சாக்லேட் பால் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

கெட்டியாக இருந்தால் பால் அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். கோகோத் தூள் பாலில் முழுசாகக் கரையாது, அடியில் தங்கும். அதைத் தாங்கிப் பிடிக்க, கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். லேபிளில் 407 என்ற எண் இருந்தால் அதுதான். கெட்டித்தன்மை அதிலிருந்தும் வரும். அடியில் கொஞ்சம் தூள் தங்கியிருந்தால் குறை ஒன்றுமில்லை, நன்றாகக் குலுக்கினால் சரி.

அப்புறம் சர்க்கரை. வெறும் பாலிலேயே 100 மி.லி.க்கு சுமார் 5 கிராம் லாக்டோஸ், அதாவது பாலின் இயற்கைச் சர்க்கரை, உண்டு. லேபிளில் 100 மி.லி.க்கு மொத்தச் சர்க்கரை 12 கிராம் என்றிருந்தால், ஏறக்குறைய 7 கிராம் சேர்த்தது. 180 மி.லி. பாட்டில் முழுவதும் குடித்தால் அது மூன்று டீஸ்பூன் ஆகிவிடும். பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதை அவசியம் பாருங்கள்.

பலவற்றை ஒப்பிடும்போது இனிப்புக் குறைந்ததில் தொடங்குங்கள், நடுநடுவே ஒரு வாய் தண்ணீர்.