சொந்த இசை லேபிள் தொடங்கும் பெண்ணுக்கு: முதல் வெளியீட்டுக்கு முன்

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒலிப்பதிவு நாளிலேயே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இரண்டுக்கும் தனித்தனியே கூட்டினால் 100% வர வேண்டும். பாட்டு பிரபலமான பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

நீங்களே பாடித் தயாரித்திருந்தால் 'தயாரிப்பாளர்' என்றும் உங்கள் பெயரைப் பதியுங்கள். பெண்ணை வெறும் பாடகியாகவே குறிப்பது இத்துறையின் பழைய அநியாயம். பெயர் விடுபட்டால் அடுத்த தயாரிப்பு வேலையும் கைநழுவும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி (ISRC) என்ற சர்வதேசக் குறியீடு தேவை. பாட்டை இசைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தை மாற்றினாலும் பழைய குறியீட்டையே கொடுங்கள். புதியது போட்டால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பெரும்பாலும் தொலையும். வெளியீட்டுக்கு 4 வாரம் முன்பே பாட்டை விநியோக நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.