சேமலாப நிதி கைக்கு வரும்போது குடும்பங்கள் விடும் தவறுகள்

அரச உத்தியோகத்தருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வரும். சீனக்குடாத் தொழிற்சாலையிலோ நிலாவெளி ஹோட்டலிலோ திருகோணமலை நகரத்துக் கடையிலோ உழைத்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி மொத்தமாக ஒரே தடவையில் வந்துவிடும். அந்தத் தொகைதான் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள வேண்டிய ஓய்வூதியம். அதை அதிர்ஷ்டப் பணம்போல எண்ணிச் செலவழிப்பதுதான் தவறுகளில் மிகவும் கொடியது.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் இந்த நிதியைப் பெறலாம். பெரும்பாலான வீடுகளில் மகளின் திருமணப் பேச்சும் அதே காலத்தில்தான் எழும். சீதன வீடு, நகை, மண்டபம் என்று சில மாதங்களில் எல்லாம் கரைந்துவிடும். பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் மருந்தும் மின்கட்டணமும் காத்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புவான் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து அந்த ஆண்டுகளைக் கடக்க முடியாது. கல்யாணச் செலவுக்கான சேமிப்பு, மகள் பள்ளிக்கூடம் போகும்போதே தனிக் கணக்கில் தொடங்க வேண்டியது. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் 60 ஆக்கியிருக்கிறது. வேலை தொடருமானால் நிதியைத் தொடாமல் விடுங்கள், அதற்கு வட்டி சேர்ந்துகொண்டே போகும்.

நிதியில் பணம் சேர்கிறதா என்று பாராமலே இருப்பது அடுத்த தவறு. 60,000 ரூபாய் சம்பளமென்றால் உங்களிடமிருந்து 8 சதவீதம், அதாவது 4,800 ரூபாய் கழிக்கப்படும். முதலாளி 12 சதவீதமாக 7,200 ரூபாய் போட வேண்டும். ஊழியருக்கான இன்னொரு சேமிப்பான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குரிய 3 சதவீதமும் அவர் பொறுப்பே, அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. சம்பளப் பட்டியலில் கழிவு காட்டப்பட்டிருந்தாலும் பணம் போய்ச் சேராமல் இருக்கலாம். ஆகவே நிதியத்தின் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாதங்கள் விடுபட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் உடனே முறையிடுங்கள். கடை மூடப்பட்ட பிறகு தேடி அலைவது பெரும் துன்பம்.

கூடுதல் வட்டிக்கு மயங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மத்திய வங்கியின் உரிமம் இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் வைக்காதீர்கள். உரிமம் பெற்ற நிறுவனத்திலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான். பெரிய தொகையைப் பிரித்து வையுங்கள், தவணைகளையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியபோது, எல்லாவற்றையும் குறைந்த வட்டிக்கு நீண்ட தவணையில் பூட்டியவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

காணி வாங்குவோர் ஏமாறுவது பத்திரத்தில்தான். எங்கள் மாவட்டத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள் ஏராளம். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அவற்றைக் கைமாற்றினால் சட்டப்படி செல்லாது. விற்பவர் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினாலும் முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். போரிலும் இடப்பெயர்விலும் உறுதிகள் தொலைந்த ஊர் இது. ஒரே காணிக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கோரினால், உங்கள் முதுமைப் பணம் வழக்குச் செலவாகிவிடும்.